மலையில் வெந்நீர்க் குளியல்: கேள்வி பதில்

பள்ளி விடுமுறை நெருங்கினால் கூடாரம், அடுப்பு, கொசுவலை பற்றிக் கேள்விகள் வருவது வழக்கம். இந்த முறை கேஸில் ஓடும் கையடக்க வாட்டர் ஹீட்டரைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஏழாக்கியிருக்கிறோம்.

*டிசம்பரில் நாங்கள் நாலு பேர் மலேசியாவின் கேமரன் மலையில் மூன்று இரவு கூடாரம் போடப்போகிறோம். நிமிடத்துக்கு 5, 10, 16 லிட்டர் என்று ஹீட்டர் விற்கிறார்கள். எதை வாங்குவது? ஸ்டீம்போட் அடுப்புக்குப் போடும் சின்ன கேஸ் டின் போதுமா? – ஜூரோங் வெஸ்ட் வாசகர்*

5 லிட்டர் போதும். அதற்கு மேல் வேண்டாம். டின் போதாது, தோம்பு (பெரிய கேஸ் சிலிண்டர்) வேண்டும்.

கேமரன் மலையின் தானா ராத்தா ஊர் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் 15 டிகிரி வரை குளிரும். குழாய்த் தண்ணீர் 18 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க இதமான சூடு 40. ஆக, ஏற்றவேண்டியது 22 டிகிரிதான். 5 லிட்டர் ஹீட்டரின் திறன் பெரும்பாலும் 10 கிலோவாட்டை ஒட்டியிருக்கும். இந்த வேலையை அது திணறாமல் செய்யும். பெரிய ஹீட்டர்கள் குளிர்நாடுகளின் 5 டிகிரித் தண்ணீருக்காகச் செய்தவை. நம் பக்கத்தில் தீயை எவ்வளவு குறைத்தாலும் தண்ணீர் சுட்டுக்கொண்டே இருக்கும். பற்றவே அதிக ஓட்டம் கேட்கும், அதற்குப் பெரிய பம்ப் வேண்டும்.

கேஸை விடத் தண்ணீர்தான் முதலில் தீரும். நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் ஒருவர் ஐந்து நிமிடம் குளித்தால் 25 லிட்டர். நாலு பேருக்கு 100 லிட்டர். அதனால் ஓட்டத்தை 3 லிட்டராகக் குறைத்து, சோப்புப் போடும்போது மூடி, ஆளுக்கு 12 லிட்டரில் முடித்துக்கொள்ளுங்கள். 25 லிட்டர் கேன் இரண்டு போதும். இந்த 48 லிட்டரை 22 டிகிரி ஏற்ற, வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து, சுமார் 115 கிராம் கேஸ் செலவாகும். மூன்று நாளைக்கு அரைக் கிலோகூட ஆகாது.

அப்படியானால் 230 கிராம் டின் இரண்டு நாள் வருமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். டினுக்குள் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது ஆவியாகும்போது தன்னிடமுள்ள சூட்டையே எடுத்துக்கொள்ளும். பாதித் தீயிலேயே ஹீட்டர் நிமிடத்துக்கு 7 கிராம் இழுக்கும். அந்த வேகத்தில் டின் நிமிடத்துக்கு மூன்று நாலு டிகிரி குளிர்ந்துகொண்டே போகும். 15 டிகிரியில் தொடங்கினால் நாலைந்து நிமிடத்தில் டினின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூக்கும். பியூட்டேனின் கொதிநிலை சைபருக்கு அரை டிகிரி கீழே. அதை நெருங்கியதும் ஆவி வருவது நின்று, இரண்டாம் ஆள் தலைக்குச் சோப்புப் போட்டிருக்கும் நேரத்தில் தீ அணைந்துவிடும். டினுக்குள் பாதிக்கு மேல் கேஸ் அப்படியே இருக்கும். புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. நம் வட்டாரத்துத் தோம்புகளில் இரண்டும் கலந்திருந்தாலும், பல கிலோ கேஸ் இருக்கும் தோம்பு அவ்வளவு சீக்கிரம் குளிராது.

பம்ப்புக்கு 12 வோல்ட் டயஃப்ரம் வகை நல்லது. தண்ணீர்ப் பையை மரத்தில் கட்டித் தொங்கவிடுவது பலிக்காது. ஒரு மீட்டர் உயரத்துக்குக் கிடைப்பது 0.1 பார் அழுத்தம்தான். இரண்டு மீட்டரில் கட்டினால் 0.2 பார், அதிலும் குழாயும் வடிகட்டியும் ஷவரும் பங்கு எடுத்துக்கொண்ட பிறகு ஹீட்டர் பற்றுமளவு மிஞ்சாது.

*வீட்டைப் புதுப்பித்தபோது கழற்றிய கேஸ் ஹீட்டர் நல்ல நிலையில் இருக்கிறது. அதையே தோம்பில் மாட்டி முகாமுக்குக் கொண்டுபோகலாமா? – பிடோக் வாசகர்*

கூடவே கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குழாயில் வருவது நகர எரிவாயு. அதில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன். தோம்பில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். ஒரு கன மீட்டரை எரித்தால் நகர எரிவாயுவைப் போல் ஐந்து மடங்கு வெப்பம் தரும். நகர எரிவாயு ஹீட்டரில் கேஸ் வெளிவரும் ஜெட் துளை அதற்கேற்றாற்போல் பெரிதாக இருக்கும். அதில் தோம்பு கேஸை விட்டால் மஞ்சள் தீ மூடியைத் தாண்டி எழும், கரி படியும், கார்பன் மோனாக்சைடு கொட்டும். ரெகுலேட்டரை மாற்றிச் சரிசெய்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஹீட்டரின் தகட்டில் எந்த கேஸ் என்று அச்சிட்டிருக்கும். அதைத் தவிர வேறெதுவும் அதற்கு ஆகாது.

*போன பயணத்தில் நன்றாக ஓடிய ஹீட்டர் இப்போது சில நேரம் பற்றுவதே இல்லை, சில நேரம் பற்றிப் பத்து விநாடியில் அணைந்துவிடுகிறது. எங்கே பார்க்கவேண்டும்? – ஈசூன் வாசகி*

முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். இந்தக் கருவிக்குள் நடப்பது எளிது. தண்ணீர் ஓடினால் அதன் அழுத்தம் ஒரு ரப்பர்த் தகட்டைத் தள்ளும். தகடு ஒரு கம்பியைத் தள்ளும். கம்பி சின்ன ஸ்விட்சை அழுத்தும். உடனே டிக் டிக் என்று பொறி பறக்கும், கேஸ் வால்வு திறக்கும்.

டிக் சத்தமே இல்லையென்றால் கோளாறு தண்ணீர்ப் பக்கம் அல்லது பேட்டரியில். தண்ணீர் நுழையும் இடத்தில் விரல்நுனி அளவு வலை வடிகட்டி இருக்கும். ஓடைத் தண்ணீர் இறைத்தவர்கள் அதைக் கழற்றிப் பார்த்தால் மணலும் இலைத் தூளும் அப்பியிருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அடுத்து, பம்ப் பேட்டரியில் சார்ஜ் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தீ மூட்டுவதற்கு இரண்டு பெரிய டி அளவு பேட்டரிகள் தனியாக இருக்கும். ஆறு மாதம் அலமாரியில் கிடந்திருந்தால் அவற்றின் முனையில் பச்சை பூத்திருக்கும். முனைகளைச் சுரண்டிவிட்டு அல்கலைன் பேட்டரி புதிதாகப் போடுங்கள்.

டிக் கேட்டும் தீ வரவில்லையென்றால் கேஸ் பக்கம். புதுத் தோம்பு மாட்டிய பிறகு குழாயில் காற்றுதான் இருக்கும். தண்ணீரை மூடி, ஒரு நிமிடம் விட்டு, மூன்று நாலு தடவை திரும்ப முயலுங்கள். தோம்பு வால்வைச் சட்டென்று முழுதாகத் திறந்தால் சில ரெகுலேட்டர்கள் எங்கோ கசிகிறது என்று எண்ணி கேஸை அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் மூடிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும்.

பற்றி அணைகிறதா? பர்னருக்கு மேலே தீயைத் தொட்டபடி நிற்கும் மெல்லிய கம்பியைப் பாருங்கள். தீ இருக்கிறதா என்று உணர்வது அதுதான். சாம்பல் நிறப் படிவு ஏறினால் அது தீயை உணராமல் கேஸை மூடிவிடும். 600 நம்பர் உப்புத்தாளால் லேசாக இரண்டு மூன்று தடவை தேய்த்துவிடுங்கள், வளைத்துவிடாதீர்கள். காற்று பலமாக அடித்தாலும் இதேபோல் அணையும். ஹீட்டரின் முதுகைக் காற்று வரும் பக்கம் திருப்பி மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

இவ்வளவு பார்த்தும், எரியும் தீ மஞ்சளாக இருந்தால் தொடர்ந்து குளிக்காதீர்கள். கேஸை மூடுங்கள். காரணத்தைக் கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

*மழை வந்துவிட்டால் ஹீட்டரைக் கூடாரத்துக்குள் வைத்து, ஜிப்பைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் குளிக்கலாமா? அதில் ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் வசதி இருக்கிறதாம். – உட்லண்ட்ஸ் வாசகர்*

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். ஒரு கிலோ கேஸ் எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று தேவை. முழுத் தீயில் ஐந்து நிமிடத்துக்கு 70 கிராம் எரியும். 6 கன மீட்டர் கொள்ளும் கூடாரத்தை மூடிவைத்தால், அந்த ஐந்து நிமிடத்தில் ஆக்சிஜன் 20.9 விழுக்காட்டிலிருந்து 18க்கு இறங்கிவிடும். அதாவது, ஒருவர் குளித்து முடிப்பதற்குள். ஆக்சிஜன் குறையக் குறைய எரிவது அரைகுறையாகி கார்பன் மோனாக்சைடு பெருகும். அதற்கு மணமோ நிறமோ இல்லை. தலைவலி, குமட்டல், கால் துவளுதல் என்று வரும்போது குளிர்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைப்போம். ஜிப்பின் இடைவெளியை நம்பமுடியாது. மழையில் காற்று அசையாமலும் நிற்கலாம். தானே அணையும் கருவி கடைசித் தடுப்பு, அதையே முதல் தடுப்பாக வைத்துக்கொள்ளக்கூடாது.

செய்யவேண்டியது இது. ஹீட்டர் வெளியே, ஆள் உள்ளே. ஷவர் குழாயை வெந்நீர் தாங்கும் குழாயால் 3 மீட்டர் நீட்டி, குளியல் கூடாரத்துக்குள் கொண்டுபோங்கள். ஹீட்டரை மூன்று பக்கம் திறந்த தார்ப்பாயின் ஓரத்தில், இரும்புக் கொக்கியில் மாட்டுங்கள். அதன் தலைக்கும் தார்ப்பாய்க்கும் ஒரு மீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும். மேலே வரும் புகையின் சூட்டில் நைலான் உருகும். தோம்பு நிமிர்ந்தே நிற்கவேண்டும், பள்ளத்தில் வைக்கக்கூடாது. இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளத்திலும் கூடாரத் தரையிலும்தான் தேங்கும்.

*தோம்பை சிங்கப்பூரிலிருந்தே காரில் எடுத்துப்போகலாமா? ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒருமுறை பழகிப் பார்க்கலாமா? – தெம்பனிஸ் வாசகர்*

இரண்டும் வேண்டாம். சோதனைச்சாவடி வழியாகத் தோம்பு கொண்டுபோகவும் கூடாது, மலேசியாவில் வாங்கியதைத் திரும்பக் கொண்டுவரவும் கூடாது. அங்கே 10, 12, 14 கிலோ தோம்புகள் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். முன்பணம் கட்டி எடுத்து, திரும்பும்போது கொடுத்துவிடுங்கள். தோம்பின் வாயை முன்கூட்டியே படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதற்குப் பொருந்தும் ரெகுலேட்டரை வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்த அழுத்த ரெகுலேட்டராக இருக்கவேண்டும். ஹீட்டர் தகட்டில் பெரும்பாலும் 2.8 கிலோபாஸ்கல் என்றிருக்கும். உணவங்காடியில் குவாலி (பெரிய வாணலி) அடுப்புக்கு மாட்டும் உயர் அழுத்த ரெகுலேட்டரை ஒருபோதும் மாட்டாதீர்கள். மாட்டிய பின் பாத்திரச் சோப்புக் கரைசலை ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். குமிழி வளர்ந்தால் கசிவு. கேஸ் குழாயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் ரெகுலேட்டரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றிவிடுங்கள்.

ஈஸ்ட் கோஸ்ட்டில் தீ பார்பிக்யூ குழியில் மட்டும்தான். குளியலறையும் அங்கேயே இருக்கிறது. நம் ஊர்த் தண்ணீர் 27 டிகிரிக்கு வருகிறது, வெந்நீர் எதற்கு?

*ஷவரை மூடித் திறந்ததும் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கிறது. போனமுறை மகளின் தோளில் பட்டுச் சிவந்துவிட்டது. ஹீட்டர் பழுதா? – செங்காங் வாசகி*

பழுது இல்லை. தீ அணைந்தாலும் செம்புக் குழாய்ச் சுருளில் சூடு தங்கியிருக்கும். உள்ளே நிற்கும் கொஞ்சத் தண்ணீரை அந்தச் சூடு மேலும் ஏற்றும். திறந்ததும் முதலில் வருவது அதுதான். 60 டிகிரித் தண்ணீர் ஐந்து விநாடியில் பெரியவர்களின் தோலையே புண்ணாக்கும். பிள்ளைகளுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் ஷவரைத் தரைப் பக்கம் திருப்பி, ஐந்து விநாடி ஓடவிட்டு, கையில் பார்த்த பிறகே மேலே ஊற்றுங்கள். கோடை, குளிர்காலம் என்று படம் போட்ட குமிழ் இருந்தால் எப்போதும் கோடைப் பக்கமே வையுங்கள். அப்போது பர்னரின் ஒரு பகுதி மட்டும் எரியும். தண்ணீர்க் குமிழைக் குறைத்தால் சூடு ஏறும், கூட்டினால் இறங்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஷவரே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வாளியில் பிடித்து, பச்சைத் தண்ணீர் கலந்து, முழங்கையை விட்டுப் பார்த்து, குவளையால் மொண்டு ஊற்றுங்கள்.

*மலேசியாவின் கோத்தா திங்கி பக்கம் உறவினர் தோட்டத்தில் மின்சாரம் இல்லாத குடிசை இருக்கிறது. மாதம் இரண்டு வாரம் தங்குவோம். ஹீட்டரை அங்கேயே நிரந்தரமாக மாட்டலாமா? – புக்கிட் பாத்தோக் வாசகர்*

வெளிச்சுவரில், கூரை நீட்டத்துக்குக் கீழே, சன்னலுக்குத் தள்ளி மாட்டலாம். தோட்டத்தில் முதல் எதிரி சிலந்தி. பர்னர் குழாயின் வாய்க்குள் அது வலை பின்னும். குளவி மண் அப்பும். கேஸோடு கலக்கவேண்டிய காற்று நுழையாமல் போவதால்தான் தீ மஞ்சளாகி, மேலே உள்ள செம்புத் தகடுகளில் கரி படிகிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் தோம்பை மூடிவிட்டு, முன் மூடியைக் கழற்றி, பர்னர் வாய்களை மெல்லிய தூரிகையால் உள்ளே விட்டுத் துடையுங்கள். தகடுகளுக்கு நடுவே கரி இருந்தால் அதையும் எடுங்கள். நல்ல தீ நீலமாக, சத்தமில்லாமல், ஒரே உயரத்தில் நிற்கும். கிளம்பும்போது ஹீட்டரைத் துணிப்பையால் மூடிவையுங்கள். திரும்பி வந்து முதல் வேலையாகப் பையை எடுத்துவிட்டுத்தான் தீ மூட்டவேண்டும்.

பம்ப் நிறுத்தி நிறுத்தித் தள்ளினால் தீயும் அணைந்து அணைந்து எரியும். பம்ப்புக்கும் ஹீட்டருக்கும் நடுவே ஒரு லிட்டர் அளவுள்ள அழுத்தக் கலன் வைத்தால் ஓட்டம் சீராகும். கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை, கேஸை மூடிவிட்டு, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, வாளியிலிருந்து பம்ப்பால் ஹீட்டருக்குள் அனுப்பி, வருவதை அதே வாளியில் பிடித்து அரை மணி நேரம் சுற்றவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் அலசுங்கள். ஊருக்குத் திரும்பும் முன் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து, உள்ளே உள்ள தண்ணீரை முழுதாக வடித்துவிடுங்கள்.