'டூ பிஸி' என்றால் வேலைப்பளு இல்லை

உங்கள் போஸ்டரைப் பார்த்து கிளையண்ட் 'டூ பிஸி' என்றது வேலைப்பளுவைச் சொல்லவில்லை. கண் எங்கே நிற்பது என்று தெரியாதபடி எல்லாம் நெருக்கியடிக்கிறது என்கிறார். தலைப்புக்குப் பின்னால் உள்ள பூவேலையை முதலில் எடுத்துவிடுங்கள், பாதி சரியாகிவிடும்.

அப்புறம் 'பிஸி' (busy) என்பதன் ஸ்பெல்லிங். பழைய ஆங்கிலத்தில் 'ஐ' (i) போட்டும் எழுதிய சொல்தான் இது. இங்கிலாந்தின் ஒரு வட்டார எழுத்தும் இன்னொரு வட்டார உச்சரிப்பும் ஒட்டிக்கொண்டதால்தான் 'யு' (u) எழுதி 'பிஸி' என்கிறோம் என்பது பரவலான விளக்கம். புதைப்பதைக் குறிக்கும் 'பெரி'யிலும் (bury) இதே கூத்துதான். எனக்கு மிகவும் பிடித்தது 'பிசினஸ்': 'பிஸி'யிலிருந்தே பிறந்தது, ஆரம்பத்தில் கவலை, பதற்றம் என்றெல்லாம் பொருள். வணிகம் என்ற பொருள் பிறகு வந்ததுதான். டெலிபோன் லைன் 'பிஸி' ஆனது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்.