ஐ.எஃப்.எஸ். எழுதாமல் வெளியுறவு ஆலோசகர் ஆக முடியுமா?

தம்பி, திருப்பூர்ல இருந்து எம்.ஏ. பன்னாட்டு உறவுகள் முடிச்சுட்டு, யு.பி.எஸ்.சி. எழுதி ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) ஆகாம, வெளியுறவு ஆலோசகர் வேலைக்குப் போக வழியிருக்கான்னு கேட்டிருந்தீங்க.

உச்சிப் பதவிக்குக் கஷ்டமுங்க. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவி வந்ததே 1998லதான். பிரஜேஷ் மிஸ்ரா, தீட்சித், சிவசங்கர் மேனன் எல்லாம் ஐ.எஃப்.எஸ்.; நாராயணனும் தோவலும் ஐ.பி.எஸ். சர்வீஸ் முடிச்சவங்க உட்கார்ற நாற்காலி அது.

கீழ்ப்படி திறந்துதான் கிடக்குது. பி.ஆர்.எஸ்.ங்கற சட்டமன்ற ஆய்வு அமைப்பு நடத்தற லேம்ப் ஃபெலோஷிப்ல ஒரு எம்.பி.கிட்ட வேலை பார்க்கலாம். டிகிரி வேணும், வயசு 25ஐத் தாண்டக்கூடாது. உதவித்தொகை டெல்லி வாடகைக்கே சரியாப் போயிடும், வீட்டுல முன்கூட்டியே சொல்லிடுங்க.

அங்க நிஜமான பாடம், எம்.பி. நாடாளுமன்றத்துல அமைச்சர்கிட்ட கேட்கற கேள்வியைத் தயாரிக்கறதுதான். மக்களவைக்கு 15 நாள் முன்னாடியே கொடுக்கணும். "ஏற்றுமதி பாதிச்சதா?"ன்னு கேட்டா மழுப்பிடுவாங்க. 2025 ஆகஸ்ட்ல இந்தியப் பொருள் மேல அமெரிக்க வரி 50 சதவீதம் ஆச்சே, அதுக்கப்புறம் சுங்க வரிப் பட்டியலோட அத்தியாயம் 61ல, அதாவது பின்னலாடையில, மாசவாரியா ஏற்றுமதி எவ்வளவுன்னு கேட்டா நழுவ முடியாது. பனியன் கம்பெனி நடுவுல வளர்ந்த உங்களுக்கு இது டெல்லிப் பசங்களைவிட நல்லா வரும்.

இதையே ஒரு பக்கக் குறிப்பா எழுதி இங்க போடுங்க, திருத்தித் தர்றேன்.