சிவிலைசேஷன் 6: ஏ.ஐ. ஏஜென்ட்டுக்கு டிஸ்ட்ரிக்ட் வைக்கக் கற்றுக்கொடுப்பது – கேள்வி பதில்

2016-இல் வெளிவந்த, நகரங்களை வளர்த்து ஆடும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 6-ஐ மொழி மாதிரிகளைக் (உரையைப் படித்து எழுதும் ஏ.ஐ.) கொண்டு, ஆட்டக்காரரின் இடத்தில் முடிவெடுக்கும் ஏஜென்ட்டாக ஆடவைக்கும் நண்பர்கள், டிஸ்ட்ரிக்ட்டுக்கு இடம் சொல்லும் துணைக்கருவியை எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தார்கள். டிஸ்ட்ரிக்ட் என்பது வரைபடத்தில் ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளும் நகரின் ஒரு பகுதி; அண்டைக் கட்டங்களில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அதற்குக் கூடுதல் புள்ளி, அதாவது போனஸ், கிடைக்கும். பதில்கள் எல்லாம் 2019-இல் வந்த கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்தின் விதிப்படி.

கேள்வி: விதிகளைக் கேட்டால் மாதிரி தடங்கலின்றி ஒப்பிக்கிறது. பிறகு தனிக் கருவி எதற்கு?

ஒப்பிப்பது வேறு, வரைபடத்தில் எண்ணுவது வேறு. அறுகோணக் கட்டங்களில் ஒன்றுவிட்டு ஒரு வரிசை அரைக் கட்டம் வலப்புறம் தள்ளி நிற்கிறது. 5-ஆம் பத்தியில் (நெடுவரிசையில்) உள்ள ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தள்ளாத வரிசையில் இருந்தால் மேல் வரிசையில் அதன் அண்டை 4, 5-ஆம் பத்திகள். தள்ளிய வரிசையில் இருந்தால் 5, 6. மாதிரி இந்த இடத்தில்தான் சறுக்குகிறது, ஒட்டாத மலையையும் கணக்கில் சேர்த்துவிடுகிறது. நகர மையத்தைச் சுற்றி மூன்று கட்ட தூரத்துக்குள் 36 கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு அண்டை. இந்த எண்ணிக்கையை நிரலிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பாதி போனஸை (இரண்டு அண்டைக்கு 1 என்று வருவதை) எப்படிக் கணக்கிடுவது? என் கருவி 5.5 என்று காட்டுகிறது.

அது தவறு. ஒரு கேம்பஸின் (அறிவியலுக்கான டிஸ்ட்ரிக்ட்) ஆறு பக்கமும் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: இரண்டு மலை, ஒரு புவிவெப்பப் பிளவு, இரண்டு மழைக்காடு, ஒரு நகர மையம். மலைக்கு ஒன்று வீதம் 2, பிளவுக்கு 2, மழைக்காடு ஜோடிக்கு 1. நகர மையமும் டிஸ்ட்ரிக்ட்தான், ஆனால் இரண்டு இருந்தால்தான் 1 கிடைக்கும், ஒன்றுக்கு ஒன்றுமில்லை. மொத்தம் 5. ஒவ்வொரு வகையையும் தனியாக எண்ணி, மீதியை விட்டுவிட வேண்டும்.

இதே இடத்தில் இன்னொன்றையும் பாருங்கள். நகர மையத்தை ஒட்டிய மழைக்காட்டை அழித்து அங்கே கமர்ஷியல் ஹப் (வணிகத்துக்கான டிஸ்ட்ரிக்ட்) வைத்தால் கேம்பஸுக்கு நட்டமா? மழைக்காடு ஒன்றாகி அந்த 1 போகிறது. டிஸ்ட்ரிக்ட் இரண்டாகி வேறொரு 1 வருகிறது. மொத்தம் அதே 5. ஹப்புக்கும் கேம்பஸ், நகர மையம் இரண்டும் அண்டையாவதால் 1 தங்கம் கூடுதல். கருவியின் உதவி இல்லாத ஏஜென்ட் மழைக்காட்டைத் தொடவே தயங்கும். வெண்கல வேலைத் தொழில்நுட்பம் வரும்வரை மழைக்காட்டின் மேல் டிஸ்ட்ரிக்ட் வைக்க முடியாது என்பதையும் கருவி சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: அதிகப் புள்ளி வரும் இடத்தைக் கருவியே தேர்ந்தெடுத்துவிட்டால் வேலை முடிந்ததல்லவா?

வேண்டாம். இதை நான் அழுத்தமாகவே சொல்வேன். கட்டி முடித்த டிஸ்ட்ரிக்ட்டை இடிக்க முடியாது. அக்விடக்ட் (நகருக்கு நீர் கொண்டுவரும் டிஸ்ட்ரிக்ட்) நகர மையத்தை ஒட்டியே இருக்க வேண்டும். ஆறு, ஏரி, பாலைவனச் சோலை, மலை இவற்றில் ஒன்றையும் தொட வேண்டும். அதற்குப் பொருத்தமான ஒரே கட்டத்தில் 3 புள்ளிக்கு ஆசைப்பட்டு கேம்பஸை வைத்துவிட்டால், அக்விடக்ட் போகிறது, அதை ஒட்டிய தொழிற்பேட்டைக்கு வரவேண்டிய 2 உற்பத்தியும் போகிறது. அதனால் நான்கைந்து இடங்களை, ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், எந்த வாய்ப்பு அடைபடும் என்ற விவரத்தோடு கொடுங்கள். முடிவை ஏஜென்ட் எடுக்கட்டும்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. ஆராய்ச்சி முன்னேற முன்னேற டிஸ்ட்ரிக்ட்டின் உற்பத்திச் செலவு ஏறும். இடம் குறித்த கணமே அது நிலைத்துவிடும். மக்கள்தொகை 1, 4, 7 என்று ஏறும்போது கேம்பஸ் போன்ற சிறப்பு டிஸ்ட்ரிக்ட் ஒவ்வொன்றாகக் கட்ட வாய்ப்பு திறக்கிறது. திறந்தவுடன் குறித்துவைத்துவிட்டு, கட்டுவதைப் பிறகு தொடரலாம். நல்ல ஆட்டக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். கருவியும் அதை நினைவூட்ட வேண்டும்.

கேள்வி: எல்லா நாடுகளுக்கும் ஒரே போனஸ் அட்டவணை போதுமா?

போதாது. ஜப்பானுக்கு அண்டை டிஸ்ட்ரிக்ட் ஒவ்வொன்றுக்கும் முழுசாக 1 கிடைக்கும். கொரியாவின் சோவோன் (கேம்பஸுக்குப் பதிலாக அந்த நாடு கட்டும் டிஸ்ட்ரிக்ட்) 4-இல் தொடங்கி, அண்டையில் வரும் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டுக்கும் 1 இழக்கும். குன்றின் மேல்தான் வைக்கவும் முடியும்.

கேள்வி: இன்னும் வெளிப்படாத இரும்பு, நிலக்கரி இருக்கும் கட்டங்களையும் கருவி காட்டலாமா?

கூடாது, அது திருட்டு ஆட்டம். தேவையும் இல்லை: டிஸ்ட்ரிக்ட்டின் அடியில் பிறகு இரும்பு வெளிப்பட்டாலும் அது உங்கள் கணக்கில் சேரும்.

கேள்வி: கருவி சரியாக எண்ணுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இடம் தேர்வு செய்யும்போது விளையாட்டே ஒவ்வொரு கட்டத்தின் மேலும் கிடைக்கப்போகும் பலனைக் காட்டும். சேமித்துவைத்த ஆட்டத்தைத் திறந்து, அந்த எண்களோடு ஒப்பிடுங்கள். ஒரு கட்டம் பிசகினாலும் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: 2025-இல் வந்த சிவிலைசேஷன் 7-க்கும் இது பொருந்துமா?

அண்டையை எண்ணும் பகுதி பொருந்தும், மதிப்பெண் அட்டவணை பொருந்தாது. அங்கே போனஸ் தனித்தனிக் கட்டடங்களுக்கு. ஒரு நகர்ப்புறக் கட்டத்தில் இரண்டு கட்டடங்கள் வரும். மலை பண்பாட்டுக் கட்டடங்களுக்கு உதவும், அறிவியல் கட்டடங்களுக்கு வளங்களும் உலக அதிசயங்களும் அருகில் வேண்டும். பழைய அட்டவணையை அப்படியே கொண்டுபோனால் ஏஜென்ட் நூலகத்தை மலையடிவாரத்தில் கொண்டுபோய் வைக்கும்.