1,500 வெள்ளி கூட வருகிறது, கேஎல் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. பாகானில் (பட்டர்வொர்த்) சொந்த வீடு. பிறையில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருஷமாகத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 4,300 வெள்ளி. இப்போது கோலாலம்பூரில் கெரிஞ்சி பக்கம் ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 5,200, பயண அலவன்ஸ் 600. மனைவி இங்கே ஒரு கிளினிக்கில் 2,200 வெள்ளிக்கு வேலை பார்க்கிறார். மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. பள்ளி விட்டதும் அம்மா பார்த்துக்கொள்கிறார். பத்துமலைக்கும் கல்யாணங்களுக்கும் போனதைத் தவிர எனக்கு கேஎல் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போகலாமா? போனால் குடும்பத்தோடா, தனியாகவா?

பதில்: தம்பி, முதலில் அந்த 1,500 வெள்ளியைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம்.

இப்போது உங்கள் 4,300-இல் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பங்கு 11 விழுக்காடு போய் கைக்கு 3,827 வருகிறது. புதிய இடத்தில் 5,200-க்குத்தான் ஈபிஎஃப் பிடிப்பார்கள். 572 போக, அலவன்ஸைச் சேர்த்துக் கைக்கு 5,228. வித்தியாசம் 1,401 என்று சந்தோஷப்படுவதற்குள் வருமான வரி வந்து நிற்கும். வரிக்குரிய வருமானம் 50,000 வெள்ளியைத் தாண்டும்போது விகிதம் 6-இலிருந்து 11 விழுக்காட்டுக்கு ஏறுகிறது. நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டுகிறீர்கள். மகளுக்கான வரிக்கழிவைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் மாதம் சுமார் 110 வெள்ளி கூடுதல் வரி. சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவில் சில வெள்ளி. ஆக, உண்மையில் கூட வருவது 1,280 சொச்சம்.

அந்த 600 வெள்ளி 'பயண அலவன்ஸ்' எனக்குப் பிடிக்கவில்லை. ஈபிஎஃப் சட்டத்தில் பயண அலவன்ஸ் சம்பளக் கணக்கில் வராது, அதற்கு முதலாளி சந்தா கட்ட வேண்டியதில்லை. பணியாளர் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். மொத்தத் தொகையைப் பெரிதாகக் காட்டி, அடிப்படையைச் சின்னதாக வைக்கும் கடிதங்களை நானே டைப் செய்து கொடுத்திருக்கிறேன். இன்னொன்று, சம்பளம் 5,000 வரை முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அதற்கு மேல் போனால் 12. இப்போது உங்கள் முதலாளி 559 வெள்ளி கட்டுகிறார், புதியவர் கட்டப்போவது 624. சம்பளம் 1,500 ஏறியும் அவர் பங்கு ஏறுவது 65 வெள்ளிதான். அந்த 600-ஐயும் அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். முதலாளி பங்கில் மட்டும் மாதம் 72 வெள்ளி, வருஷத்துக்கு 864 கூடுதலாகச் சேரும். போனஸும் சம்பள உயர்வும் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்காகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, குடும்பத்தோடு போனால்? மனைவியின் 2,200 அன்றைக்கே நின்றுவிடும். கேஎல்லில் கிளினிக்குக்குப் பஞ்சமில்லை, வேலை கிடைக்கும். ஆனால் கிடைக்கும் வரை உங்கள் 1,280 அந்தப் பள்ளத்தை நிரப்பாது. பாகான் வீட்டுக்கு வங்கித் தவணை இருந்தால் அதுவும் ஓடும், இங்கே கேஎல்லில் வாடகையும் ஓடும். அம்மா இப்போது சும்மா செய்துகொடுக்கும் வேலைக்கு இங்கே 'டிரான்சிட்' என்று பெயர், மாதக் கட்டணம் உண்டு. சாயங்காலம் நீங்கள் நெரிசலில் மாட்டினால் அவர்கள் தாமதக் கட்டணமும் கேட்பார்கள்.

தனியாகப் போனால்? ஒரு அறை 700, மாதம் இரண்டு தடவை ஊருக்கு வர ரயிலும் கிராபும் சேர்த்து 300, வெளியில் சாப்பிடுவதால் கூடும் செலவு குறைந்தது 400, ரயில் பாஸ் 50 என்று வையுங்கள். 1,450 ஆகிவிட்டது. மாதா மாதம் கையைக் கடிக்கும். அறைக்கு நான் போட்டது உத்தேசக் கணக்குத்தான், உங்களுக்கு 500-க்கே கிடைத்தாலும் மிச்சம் பெரிதாக இருக்காது.

அப்படியானால் பணத்துக்காக இந்த வேலை வேண்டாம். தொழிலுக்காக வேண்டுமா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. அதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. தலைமை அலுவலகத்தில் உங்கள் கையில் என்ன இருக்கும்? பினாங்கில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் தொழிலின் அடுப்பு அங்கேதான் எரிகிறது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழிற்பேட்டை வந்து, இன்டெல் உள்ளே நுழைந்ததிலிருந்து அரை நூற்றாண்டாகத் தரக் கட்டுப்பாட்டு ஆட்களை அந்த மாநிலம் தேடிக்கொண்டே இருக்கிறது. இப்போது பத்து காவான் தொழிற்பேட்டையும் இருக்கிறது. அது உங்கள் கரையிலேயே, பாலம்கூடத் தாண்ட வேண்டாம். பாயான் லெப்பாஸ் என்றாலும் மோட்டார் சைக்கிளுக்குப் பாலத்தில் டோல் கிடையாது. மருத்துவக் கருவியில் ஆறு வருஷ அனுபவம் உள்ளவர் அந்த இரண்டு இடத்திலும் விண்ணப்பித்துப் பார்க்காமல் 350 கிலோமீட்டர் தள்ளிப் போவது எனக்குப் புரியவில்லை. ஏற்கனவே போட்டுப் பார்த்துக் கிடைக்கவில்லை என்றால் அது வேறு விஷயம்.

தொழிற்சாலைத் தளத்தை விட்டு அலுவலகத்துக்கு, பல கிளைகளின் தணிக்கையைப் பார்க்கும் பொறுப்புக்கு வருகிறீர்கள் என்றால் அதற்கு விலை உண்டு. மூன்று வருஷத்தில் அந்த அனுபவத்தோடு பினாங்குக்கே பெரிய நாற்காலிக்குத் திரும்பலாம். இதே வேலையை மேசையில் உட்கார்ந்து செய்வதுதான் என்றால் வேண்டாம்.

பலர் கவனிக்காத ஒன்று, விடுமுறை. வேலைவாய்ப்புச் சட்டப்படி முதல் இரண்டு வருஷத்துக்கு ஆண்டு விடுமுறை குறைந்தது 8 நாள், ஐந்து வருஷம் ஆனபின் 16 நாள். நீங்கள் இப்போது 16 நாள்காரர். வேலை மாறினால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஊர் பக்கத்தில் இருந்தபோது 16 நாள், ஊர் தூரமான பிறகு 8 நாள்! அம்மாவுக்கு ஒரு ஆஸ்பத்திரி நாள், மகள் பள்ளி விளையாட்டுப் போட்டி, தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நாள், முடிந்தது. ஆஃபர் லெட்டரில் எத்தனை நாள் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 14-க்குக் குறைவாக இருந்தால் பேசுங்கள். சம்பளத்தில் இறங்காதவர்கள் விடுமுறையில் இறங்குவார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

விடுமுறையைவிடப் பெரிய சலுகை ஒன்று இருக்கிறது. திங்களும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கிடைத்தால் உங்கள் கணக்கே மாறிவிடும். வியாழன் இரவு கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் விரைவு ரயில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், பட்டர்வொர்த். திங்கள் இரவு திரும்பி வந்தால் போதும். 2023 முதல் இப்படிப்பட்ட வேலை ஏற்பாட்டுக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். ஆனால் சேர்ந்த பிறகு விண்ணப்பிப்பதைவிடக் கையெழுத்துக்கு முன் கேட்டு, கடிதத்திலேயே போட வைப்பது நல்லது. அப்புறம் பார்க்கலாம் என்றால் அப்புறமும் அதையேதான் சொல்வார்கள்.

இனி ஊர். பத்துமலைக்குப் போய் வந்தவருக்கு கேஎல் தெரியாது என்று நீங்களே ஒப்புக்கொண்டது நல்லது. தைப்பூசக் கூட்டமும் திங்கட்கிழமைக் கூட்டமும் வேறு வேறு. ஒரு நாள் லீவு போட்டு வந்து, காலை ஏழரைக்கு மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் நில்லுங்கள். செந்தூலில் வீடு பார்த்தால் அம்பாங் தடத்தில் வந்து, அங்கே கெலானா ஜெயா தடத்துக்கு மாறித்தான் கெரிஞ்சி போக வேண்டும். முதல் ரயிலில் ஏற முடிகிறதா, மூன்றாவதில்தானா என்று எண்ணுங்கள். பிரிக்பீல்ட்ஸில் அறை என்றால் கேஎல் சென்ட்ரலிலிருந்து மூன்றாவது நிலையம் கெரிஞ்சி, மாறவே வேண்டாம். ஈடிஎஸ்ஸும் அங்கேதான் வந்து நிற்கும். தனி ஆளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். மலேசியர்களுக்கு மாதம் 50 வெள்ளிக்கு 'மை50' பாஸ் இருக்கிறது. எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் கேஎல் பேருந்து எல்லாவற்றுக்கும் செல்லும், கேடிஎம் கொமுட்டருக்குச் செல்லாது.

மோட்டாரைக் கொண்டுவரலாம் என்று நினைப்பீர்கள், பாகான்காரர்கள் எல்லோரும் நினைப்பதுதான். சாயங்காலம் ஐந்தரைக்கு வானம் கறுத்து மழை பிடித்தால் மேம்பாலத்துக்கு அடியில் மழைக்கோட்டோடு ஐம்பது அறுபது மோட்டார்கள் ஒதுங்கி நிற்கும். பக்கத்தில் லாரி அடிக்கும் சேற்றுத் தண்ணீர் முழங்காலுக்கு வரும். பழகிவிடும், ஆனால் முதல் ஆறு மாதம் ரயிலே போதும். நாசி கண்டார் விஷயத்தில் ஆறுதல் எதுவும் என்னால் சொல்ல முடியாது.

வீடோ அறையோ எடுக்கும்போது கையில் மூன்றரை மாத வாடகை வேண்டும். இரண்டு மாதம் டெபாசிட், அரை மாதம் தண்ணீர் மின்சாரத்துக்கு, ஒரு மாதம் முன்வாடகை, இதுதான் வழக்கம். தனி அறைக்குக் கொஞ்சம் குறைத்துக் கேட்பார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து நான் கேஎல் வந்த புதிதில், முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். காலி செய்தபோது வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடித்த ஓட்டை, மஞ்சள் படிந்த குளியலறை என்று பட்டியல் வாசித்து டெபாசிட் முழுவதையும் வைத்துக்கொண்டார். அந்த மஞ்சள் எனக்கு முன்னால் இருந்தவர் காலத்து மஞ்சள். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டவும் முடியாது. சாவி வாங்கும் அன்றே ஒவ்வொரு சுவரையும் குழாயையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப் செய்துவிடுங்கள். தேதியோடு நிற்கும்.

மகள் பள்ளியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். விவேகானந்தா, தம்புசாமிப் பிள்ளை, பங்சார் என்று கேஎல்லில் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. இடையில் மாற்றிக்கொண்டும் போகலாம். ஆனால் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரிக்கே வந்துவிட்டதால், மாற்றுவதானால் ஆண்டு முடிவில் மாற்றுங்கள். தகுதிகாண் காலம் முடியும் முன் பிள்ளையை இடம் மாற்ற வேண்டாம். நீங்கள் நிரந்தரமாவது தெரியாமல் அவளுடைய தோழிகளைப் பிடுங்குவது நியாயமில்லை.

என் முடிவு இது. ஆஃபர் லெட்டர் இப்போது இருக்கும் நிலையில் வேண்டாம். அடிப்படை 5,800, வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, விடுமுறை 14, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு கிடைத்து, வேலையும் உங்களை ஒரு படி ஏற்றுவதாக இருந்தால் தனியாகப் போங்கள், ஆறு மாதத்துக்கு. அந்த ஆறு மாதம் முடியும் தேதியை இன்றைக்கே காலண்டரில் மனைவியோடு உட்கார்ந்து குறியுங்கள். அன்றைக்குக் குடும்பம் வருகிறது, இல்லை நீங்கள் திரும்புகிறீர்கள். தேதி வைக்காமல் போனவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் பன்னிரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை ரயில் பிடிக்கிறார்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் என்கிறார்களா? 'குடும்பத்தோடு ஊர் மாறும் விஷயம், ஒரு வாரம் கொடுங்கள்' என்று இன்றே மின்னஞ்சல் போடுங்கள். ஆள் வேண்டுமென்றால் கொடுப்பார்கள். திருத்திய ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகே ராஜினாமாக் கடிதத்தைக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதவில்லை என்றால் ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தவருக்குச் சட்டப்படி 8 வாரம். அதைக் கேஎல்காரர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதமே வந்து நில்லுங்கள் என்பார்கள்.