மழித்த பொமரேனியனுக்கு முடி திரும்ப வருமா?

வணக்கம் சகோதரி. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரின் வெயிலுக்குப் பயந்து சித்திரையில் பொமரேனியனை ஒட்ட மழித்ததாகவும், கார்த்திகை வந்தும் முதுகில் முடி முளைக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கலங்காதீர்கள், பெரும்பாலும் வந்துவிடும். ஆனால் சில நாய்களுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

பொமரேனியன், ஹஸ்கி போன்ற இரட்டை அடுக்கு ரோமம் (உள்ளே மென்மையான உள்முடி, அதன்மேல் நீண்ட வெளிமுடி) கொண்ட நாய்களின் மயிர்க்கால்கள் பெரும்பாலான காலம் முடி வளர்க்காமல் ஓய்வில்தான் இருக்கும். அதனால்தான் இந்தத் தாமதம். பூடில் இன நாயின் முடியோ நம் தலைமுடிபோல வளர்ந்துகொண்டே இருக்கும். அதைக் கத்தரித்தே ஆக வேண்டும். பக்கத்து வீட்டுச் சிப்பிப்பாறை நாயோடும் ஒப்பிடாதீர்கள். அதற்குக் குட்டை முடி, உதிர்வதும் முளைப்பதும் கண்ணுக்கே தெரியாது.

தயவுசெய்து இனி மழிக்காதீர்கள். வெயிலைத் தடுப்பதே அந்த ரோமம்தான்! உதிரும் உள்முடியைச் சீப்பால் வாரி எடுத்தாலே போதும். இப்போது தோல் வெறுமையாக இருப்பதால் பகலில் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். உப்புநீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகத் துவட்டிவிடுங்கள்.

மழிக்காத இடங்களிலும் முடி கொட்டினாலோ, எடை கூடிச் சோம்பிக் கிடந்தாலோ, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையில் பார்த்துச் சொல்வார்.