கோத்தகிரி குளிரில் 68 வயது அம்மாவுக்கு பிரஷர் ஏறுகிறது, மாத்திரையைக் கூட்டலாமா?

நீங்களாகக் கூட்ட வேண்டாம். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் மார்கழி, தையில் பிரஷர் கொஞ்சம் ஏறுவது சகஜம்தான், வயதாகிக் குழாய்கள் விறைத்தவர்களுக்கு அது இன்னும் கூடுதலாகவே தெரியும்.

முதலில் எப்படி அளக்கிறீர்கள் என்று பாருங்கள். மேடு ஏறி வந்த கையோடு, சூடாக ஒரு டீயும் குடித்துவிட்டு அளந்தால் கூடத்தான் காட்டும். டீ குடித்து அரை மணி நேரம் போகட்டும், 5 நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், ஸ்வெட்டர் கையைக் கழற்றிவிட்டு, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து காலை, மாலை இரண்டிரண்டு முறை அளந்து ஒரு வாரம் எழுதி வையுங்கள். சராசரி 135/85-க்கு மேலேயே நின்றால் அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள்.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், ஊறுகாயும் வர்க்கியும் சேர்த்துத்தான் (வர்க்கியை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை!). அப்புறம், எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள், மாத்திரை அதிகமானாலும் அப்படி வரும்.