தம்பி எதிரில் 'பைத்தியம்' என்று சொல்லலாமா?

கேள்வி: மனநலச் சிகிச்சையில் இருக்கும் என் தம்பி எங்களோடுதான் தங்கியிருக்கிறான். மாதம் ஒருமுறை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறான். என் மகளைக் 'கிரிக்கெட் பைத்தியம்' என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். இப்போது தம்பி எதிரில் அந்தச் சொல் வந்தாலே எனக்கு உடம்பு கூசுகிறது. வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றேன். என் கணவரோ, "அப்படிப் பார்த்தால் எல்லோரையும் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று சிரிக்கிறார். நான் செய்தது சரியா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: தடையெல்லாம் வேண்டாம், சகோதரி. அப்புறம் 'பெற்ற மனம் பித்து' என்றுகூட உங்களால் சொல்ல முடியாது. தம் திருமணத்தைத் தடுத்து, "நீ என் அடிமை" என்று வழக்காடிய முதியவரைச் சுந்தரர் 'பித்தன்' என்றுதான் ஏசினார். வந்தவர் சிவன் என்று தெரிந்ததும் திருவெண்ணெய்நல்லூரில் பாடிய முதல் பதிகத்தை அதே ஏச்சில்தான் தொடங்கினார்.

பித்து, பைத்தியம் இரண்டுமே பித்தத்தின் வழி வந்த சொற்கள். பித்தம் தலைக்கேறினால் புத்தி பேதலிக்கும் என்பது பழைய வைத்தியக் கணக்கு. குதிகாலில் வந்தால் அதுவே பித்தவெடிப்பு. அதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை, களிம்பு தடவிக்கொண்டு போகிறோம்.

கிரிக்கெட், காபி, சினிமா என்று முன்னால் ஏதாவது ஒன்று நிற்கும்வரை 'பைத்தியம்' வெறும் ஆசைதான். "போடி பைத்தியமே" என்று அம்மா சொன்னால் செல்லம். நோயில் இருப்பவனைப் பார்த்து அதையே சொன்னால்தான் அது அடி.

உங்கள் கணவர் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? ஆனாலும் வீட்டில் உண்மையாகக் குத்துவது அவர் பேச்சுதான். ஊருக்குக் 'கீழ்ப்பாக்கம்' என்றால் கேலி. உங்கள் தம்பிக்கு அது மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கிற இடம். போக வெட்கப்பட்டு அவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள்? இதைக் கணவரிடம் தனியாகச் சொல்லுங்கள். சிரிப்பு தானே நின்றுவிடும்.

இன்னொன்று. பாதிச் சொல்லில் நாக்கைக் கடித்துக்கொண்டு தம்பியின் முகத்தைப் பார்க்காதீர்கள். சொல்லைவிட அந்தப் பார்வை அவரை அதிகம் நோகடிக்கும். சங்கடமாக இருந்தால் அவரையே கேட்டுவிடுங்கள். மகள் கிரிக்கெட் பைத்தியமாகவே இருக்கட்டும். தம்பியும் அவளோடு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பாரா? அதை நீங்கள் எழுதவில்லையே.